மலிவு விலையில் மகாராணி உடுப்பு

1

இந்தக் கதை எனக்குச் சுன்னாகம் ரயில் கடவையில் கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதும் சரியில்லை. நான்தான் எடுத்தேன்.

கடவை மூடியிருந்தது. நல்ல வெயில். எனக்கு முன்னால் ஒரு ஸ்கூட்டி நின்றது. அதிலிருந்த பெண் கழுத்துவரை பூட்டிய கருஞ்சிவப்புச் சட்டை போட்டிருந்தாள். சட்டைக் கை தோளில் பலூன் மாதிரி ஊதியிருந்தது. கீழே நிலம் கூட்டுகிற நீளத்தில் பாவாடை, அதற்குள் வளையங்கள். சில்லுக்குள் சிக்காதபடி வளையங்களை ஒன்றுக்குமேல் ஒன்றாகத் தட்டையாக மடித்து, சைக்கிள் ரியூப் துண்டொன்றால் இடுப்போடு இறுக்கியிருந்தாள். பக்கத்து லொறியிலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "என்ன தங்கச்சி, நாடகமோ?" என்று கேட்டார்.

"இல்லை அண்ணை. வேலை," என்றாள் அவள்.

ரயில் போனது. கடவை திறந்தது. அவள் போனாள். நான் வீட்டுக்குத் திரும்பவேண்டிய சந்தியில் திரும்பாமல் அவளுக்குப் பின்னாலேயே கொஞ்சத் தூரம் போனேன். ஏன் போனேன் என்று கேட்டால், அந்த "வேலை" என்ற சொல்லுக்காகத்தான். நாடகம் என்று சொல்லியிருந்தால் என் பாட்டில் வீட்டுக்குப் போயிருப்பேன்.

2

எழுதி எறிந்த தொடக்கங்கள்:

மயிலிட்டித் துறைமுகத்தில் அலைகள் அன்றும் வழமைபோல— (அலைகள் எழுதாத ஒரு கதையாவது என்னிடமிருந்து வரட்டும்.)

ஒரு காலத்தில் வெள்ளைக்காரச் சீமாட்டிகள் உடுத்த உடுப்பை இன்று ஒரு கடற்றொழிலாளியின் மகள்— (கட்டுரை வாடை அடிக்கிறது. கொஞ்சம் பொறுத்தால் அதுவும் வரும்.)

போரில் வலக்கையை இழந்த ஆரணி, தனக்கென்று ஓர் இரும்புக் கையைத் தானே—

இந்த மூன்றாவதை ஒரு முழுப் பக்கம் எழுதினேன். காரணம் இருந்தது. ஸ்கூட்டியில் போன அந்த ஆரணி தைப்பது இரண்டு வகை. ஒன்று விக்ரோறியா மகாராணி காலத்து இங்கிலாந்துப் பெண்களின் உடுப்பு. இடுப்பை இறுக்கி, கீழே குடையாக விரியும். மயிலிட்டியில் அதற்கு "மகாராணி உடுப்பு" என்று பெயர். மற்றது, அதே உடுப்பில் நீராவி மிசின்களின் பல்லுச்சில்லும் பித்தளைக் குழாயும் ஏறியது. கண்ணுக்குப் பெரிய வட்டக் கண்ணாடி, தலைக்கு உயரத் தொப்பி, ஒரு கைக்கு மேலே மிசின் கை மாதிரி ஒரு கவசம். வெளிநாட்டில் ஸ்ரீம்பங்க் (steampunk) என்கிறார்கள். மயிலிட்டியில் "மிசின் உடுப்பு". மிசின் கை என்று கேட்டவுடனே என் பேனை அவளுடைய உண்மையான கையை வெட்டிவிட்டது. கதைக்கு அவ்வளவு வசதியாக இருந்தது.

அந்தப் பக்கத்தை அவளிடம் வாசித்துக் காட்டினேன். அவள் தைப்பதை நிறுத்தவில்லை.

"எனக்கு ரெண்டு கையும் இருக்கு அக்கா. ரெண்டாலையும்தான் தைக்கிறன். ஒண்டை வெட்டிப்போட்டுத்தான் கதை எழுதுவியளோ?"

பக்கத்தைக் கிழித்தேன். இனி வருவது இரண்டு கையும் உள்ள ஆரணியின் கதை.

3

ஆரணிக்கு முப்பத்தொரு வயது. தகப்பன் மார்க்கண்டு தொழிலுக்குப் போகிறவர். மயிலிட்டியில் தொழில் என்றால் கடல்தான், வேறொன்றும் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை. தாய் இல்லை. (அதை இந்தக் கதை பயன்படுத்தாது.) போரில் ஊரைவிட்டு எழும்பி, பல ஊர்களில் இருந்து, பிறகு ஊர் திரும்பி வீடு கட்டிய குடும்பம். நான் முதலில் போனபோது வீட்டின் முன்னறைக்கு இன்னும் பெயின்ற் அடித்திருக்கவில்லை.

நாலு வருசத்துக்கு முன் அவளுக்குக் கலியாணம் நடந்தது. மாப்பிள்ளை கஜீபன் தூரத்துச் சொந்தம், சின்ன வயதிலேயே வெளிநாடு போனவர். (எந்த நாடு என்று எழுதவேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. பின்னால் வருவதைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும்.) மூன்று கிழமை லீவில் வந்தார். தாலி கட்டினார். இரண்டு பக்கத்துச் சொந்தமும் மாறி மாறி விருந்துக்குக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுச் சாப்பிட்டே மூன்று கிழமையும் போனது. அவர் என்ன நிறம் விரும்புவார், கோபம் வந்தால் கத்துவாரா பேசாமல் இருப்பாரா என்று அறிவதற்குள் விமானம் ஏறிவிட்டார். போய், அவளை அங்கே கூப்பிடுகிற ஸ்பொன்சர் அலுவலைத் தொடங்கினார். ஆரணி காத்திருக்கத் தொடங்கினாள்.

காத்திருக்கிற பெண்ணை யாழ்ப்பாணத்தில் எங்கேயும் பார்க்கலாம். வேலைக்குப் போகமாட்டாள், ஏனென்றால் இன்றைக்கோ நாளைக்கோ விசா வந்துவிடும். படிக்கவும் தொடங்கமாட்டாள், அதே காரணம். கோயில் வீதியில் யார் கண்டாலும் "இன்னும் போகேல்லையோ?" என்பார்கள். "அலுவல் நடக்குது" என்று சொல்லவேண்டும். ஆரணி இரண்டு வருசம் அப்படிச் சொன்னாள். அவளால் ஓரிடத்தில் இருக்க முடியாமல் போனது அப்போதுதான். கதிரையில் இருந்தால் கால் ஆடும். சோறு வடிக்கப் போட்டுவிட்டு முற்றத்தைக் கூட்டுவாள். கூட்டி முடித்த முற்றத்தைத் திரும்பவும் கூட்டுவாள்.

ஒருநாள் போனில் ஒரு காணொளி கண்டாள். எந்த நாட்டுப் பெண்ணோ, தன் வீட்டு யன்னல் சீலையைக் கழற்றி மகாராணி காலத்துப் பாவாடை தைத்தாள். ஆரணி அதை மூன்றுதரம் பார்த்தாள். பிறகு எழும்பி, முன்னறை யன்னல் சீலையைக் கழற்றினாள்.

மார்க்கண்டு கரைக்கு வந்து வீட்டுக்குள் நுழைந்தபோது யன்னல் வெறுமையாக இருந்தது. மகள் அறை நடுவில் குடை விரித்ததுபோல் நின்றாள். அவர் சுற்றிவந்து பார்த்தார்.

"கரப்புடுப்பு," என்றார். "கூத்துக்கோ?"

(கரப்பு என்றால் கோழி மூடுகிற கூடை. அதைக் கவிழ்த்த மாதிரி வளையம் வைத்து விரிந்து நிற்பதால், கூத்தில் அரசன் கட்டுகிற உடுப்புக்கு அந்தப் பெயர். வெள்ளைக்காரிக்கும் எங்கள் கூத்து ராசாவுக்கும் ஒரே யோசனை எப்படி வந்தது என்று எழுத ஆசை. கதை நிற்காமல் ஓடுகிறது. விடுகிறேன்.)

4

மலிவு என்ற சொல்லைத் தலைப்பில் வைத்ததற்கு நான் கணக்குக் காட்டவேண்டும். விலை சொல்லமாட்டேன். என்ன பொருள் என்று சொல்கிறேன்.

இடுப்பை இறுக்கும் உள்ளுடுப்புக்கு அந்தக் காலத்தில் திமிங்கில எலும்பு வைத்தார்களாம். ஆரணி பெட்டி கட்டிவருகிற பிளாஸ்ரிக் பட்டி வைக்கிறாள். பெரிய உடம்பென்றால் வயர் கட்டும் கேபிள் டை. முதுகில் கயிறு கோக்கிற ஓட்டைகளுக்குத் தறப்பாளுக்கு (தார்ப்பாய்க்கு) அடிக்கிற பித்தளைக் கண். பாவாடை வளையத்துக்குச் சுவருக்குள் வயர் போட விற்கிற பைப். பின்பக்கம் மேடாக நிற்பதற்குப் பழைய நுளம்புவலை (கொசுவலை), சுருட்டித் தைத்தது. துணியெல்லாம் கார்மென்ற் தொழிற்சாலை வெட்டுத்துண்டு, கிலோ கணக்கில் வாங்குவது. பல்லுச்சில்லுகள் செத்த மணிக்கூடுகளிலிருந்து வருகின்றன. குழாய்கள் மார்க்கண்டு கழித்துப்போட்ட எஞ்சின் பாகங்கள். கண்ணாடி, ஜாம் போத்தல் மூடி. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பூச்சுத் தங்கப் பெயின்ற்.

யசிந்தா வந்தது இந்தக் கட்டத்தில். யாழ்ப்பாணம் கொழும்புத்துறைப் பெண். யேசுவின் பாடுகளை நடிக்கிற பாஸ்கா நாடகத்துக்கு உரோமைப் படைவீரர் உடுப்பெல்லாம் தைத்த குடும்பம். வெட்டுத்துண்டுக் கடையில் ஒரே வெல்வெற் துண்டின் இரண்டு முனையையும் இரண்டு பேரும் பிடித்திருக்கிறார்கள். யாரும் விடவில்லை. கடைசியில் துண்டைச் சேர்ந்து வாங்கினார்கள். அதற்குப் பிறகு எல்லாமே சேர்ந்துதான். பெயின்ற் அடிக்காத முன்னறை தையலறையானது. பிறந்தநாள், சாமத்தியவீட்டு (பூப்புநீராட்டு) அல்பம், கலியாணத்துக்கு முந்தின படப்பிடிப்பு என்று பெண்கள் வாடகைக்கு எடுக்க வந்தார்கள். நிருஷன் என்றொரு படப்பிடிப்பாளர் ஆட்களைக் கூட்டிவந்தார்.

ஆரணியின் கால் இன்னும் ஆடிக்கொண்டுதான் இருந்தது. மோட்டர் பூட்டிய தையல் மிசினில் காலுக்கு அவ்வளவு வேலையில்லை. ஆனாலும் மற்றக் கால் தன்பாட்டில் மிதித்துக்கொண்டிருக்கும்.

5

(இங்கேதான் கட்டுரை.)

ஆண்டவர்களின் உடுப்பை ஆளப்பட்டவர்கள் உடுப்பதன் அரசியல் என்ன? அந்த மகாராணியின் பெயரால் இந்த மண்ணில் வரி வாங்கினார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், மதம் மாற்றினார்கள். அதே காலத்தில் இங்கே எத்தனையோ பெண்கள் மேற்சட்டை போடவே உரிமையில்லாமல் இருந்தார்கள். அப்படியிருக்க இன்று—

ஆரணி: "அவையளின்ரை மகாராணி இஞ்சை ஒருநாளும் வரேல்லைத்தானே அக்கா. உடுப்பு மட்டும் வரட்டும்."

கட்டுரை இவ்வளவுதான். அதற்குப் பதிலாக பாலேஸ்வரி அக்கா வந்த நாளைச் சொல்கிறேன்.

பாலேஸ்வரி மயிலிட்டித் துறையில் மீன் வாங்கி ஊருக்குள் விற்கிறவர். ஐம்பதைத் தாண்டியவர். ஒருநாள் விற்று முடித்து, கைகழுவி, முன்னறை வாசலில் வந்து நின்று, தனக்கும் ஒரு படம் எடுக்கவேண்டும் என்றார். அடையாள அட்டைக்கு எடுத்ததைத் தவிரத் தனியாக அவர் ஒரு படமும் எடுத்ததில்லையாம். யசிந்தா மகாராணி உடுப்பைத் தூக்கினாள். பாலேஸ்வரி வேண்டாமென்று மற்றதைக் காட்டினார். கோட்டு, வட்டக் கண்ணாடி, மிசின் கை.

காங்கேசன்துறையில் பழைய சீமெந்துத் தொழிற்சாலை மதிலோரம் நிருஷன் அவரை நிறுத்தினார். போவோர் வருவோர் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பாலேஸ்வரி யாரையும் பார்க்கவில்லை. தொப்பியைச் சரித்து, மிசின் கையை இடுப்பில் ஊன்றி, துறைமுகமே தன்னுடையது மாதிரி நின்றார். நிருஷன் கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்.

"சிரிக்கிறதெண்டால் சீலையோடையே சிரிச்சிருப்பன் தம்பி," என்றார் பாலேஸ்வரி.

அந்தப் படத்தை நிருஷன் தன் ஸ்ரூடியோப் பக்கத்தில் போட, ஒரே கிழமையில் பதினைந்து பெண்கள் ஆரணியைத் தேடி வந்தார்கள். முக்கால்வாசிப் பேர் நாற்பதுக்கு மேல். யாரும் தேவதை மாதிரி இருக்க ஆசைப்பட்டு வரவில்லை. படத்தில் ஒருதரமாவது யாருக்கும் பதில் சொல்லாத முகத்தோடு நிற்க வந்தார்கள். கோயில் வீதியில் கேள்வி மாறிவிட்டதை ஆரணி கவனித்தாள். "இன்னும் போகேல்லையோ?" என்று கேட்டவர்கள் "எப்ப பிள்ளை எனக்கு நேரம் தருவாய்?" என்று கேட்டார்கள்.

6

இப்போது கஜீபன். இவரை எழுதத்தான் எனக்குப் பயம். கெட்டவராக எழுதினால் கதை சுகமாக முடிந்துவிடும். அவர் கெட்டவர் இல்லை.

முதல் விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். உறவு உண்மையானது என்று நம்பப் போதிய ஆதாரம் இல்லையாம். கலியாண அல்பம் முழுக்க ஒரே நாள், ஒரே கூட்டம். அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்த படம் ஒன்றுமில்லை. விண்ணப்ப அலுவல் பார்க்கிறவர், வேறு வேறு காலத்தில், வேறு வேறு இடத்தில் எடுத்த படங்கள் இருந்தால் நல்லது என்று சொல்லியிருக்கிறார். கஜீபன் இரண்டு இடத்தில் வேலை செய்கிறவர். காலையில் ஒரு சாப்பாட்டுக் கடை, பின்னேரம் ஒரு பொருட்கிடங்கு. மூன்று வருசம் சேர்த்த லீவில் பத்து நாள் எடுத்துக்கொண்டு வந்தார். அதில் ஒரு நாள் படத்துக்கு.

உண்மையான கலியாணத்துக்குப் பொய்ப்படம். இந்த வசனத்தை மூன்று தடவை வெட்டி மூன்று தடவையும் திரும்ப எழுதியிருக்கிறேன்.

ஆரணி அதை ஒரு வேலையாகவே எடுத்தாள். காலையில் கீரிமலையில் பட்டுச்சேலை, பூ. மார்க்கண்டும் புதுச் சேட்டோடு பக்கத்தில் நின்றார். படக் கணக்கில் அது முதல் வருசம். பிறகு மார்க்கண்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டார். அடுத்தது காங்கேசன்துறைக் கடற்கரை. சுரிதார், வேறு மாதிரி இழுத்த தலைமயிர், கஜீபனுக்கு நிருஷனின் ரீசேட். அது இரண்டாம் வருசம். வாகனத்துக்குள் யசிந்தா சீலையைத் திரையாகப் பிடிக்க, ஆரணி உடுப்பு மாற்றிக்கொண்டு இறங்கினாள். பொட்டின் அளவுகூட மாறியது. ஆட்களை வேறு ஆட்களாக மாற்றுவதுதானே அவளுடைய தொழில்.

"அண்ணை, அக்காவின்ரை தோளிலை கையைப் போடுங்கோ," என்றார் நிருஷன்.

கஜீபன் போட்டார். நன்றாகத்தான் போட்டார். கமெராவுக்கு முன்னால் அவர் முகத்தில் ஓர் இளக்கம் வந்தது. அதை ஆரணி போனில்கூடக் கண்டதில்லை. நிருஷன் கமெராவை இறக்கியதும், சுடுசட்டியிலிருந்து எடுப்பதுபோல் அந்தக் கை எழும்பிவிட்டது.  அடுத்த படத்துக்குப் பிறகு ஆரணி கவனித்தாள்: கமெரா இறங்கியதும் தானும் ஒரு அடி தள்ளி நின்றாள். முந்தி விலகியது யார் என்று அவளால் சொல்ல முடியவில்லை.

மத்தியானம் எல்லோரும் வீதியோரக் கடையில் கொத்துரொட்டி சாப்பிட்டார்கள். கஜீபன் யாருக்கும் தெரியாமல், ஆரணியின் சேலைப் பையில் மண் படாதபடி அதைத் தன் மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். நிருஷன் அதைப் படம் எடுக்கவில்லை. ஆரணி கண்டாள்.

7

கடைசி இடம் கொழும்புத்துறை, யசிந்தா வீட்டுக்குப் பக்கத்துக் கடலேரிக் களப்புக் கரை. வெயில் சரியத் தொடங்கியிருந்தது. அவ்வளவு நேரமும் ஆரணி ஒரு பையைத் திறக்காமல் வைத்திருந்தாள். அதற்குள் ஒரு கோட்டு.

காத்திருப்பின் மூன்றாம் வருசத்தில் தைத்தது. பெண்களுக்கே தைக்கிறவள் ஒரே ஒரு ஆணுக்குத் தைத்த உடுப்பு. மண்ணிற வெல்வெற், தோளில் பித்தளைப் பல்லுச்சில்லு வரிசை, சட்டைப் பைக்கு மேலே சின்ன மணிக்கூட்டு முகம். அளவு கேட்கவில்லை. கேட்டால் எதிர்பாராத பரிசாக இருக்காது. அதோடு, புருசனின் அளவு மனைவிக்குத் தெரியாதா? கண்ணை மூடி நினைத்து வெட்டினாள்.

கஜீபன் வாங்கிப் பார்த்தார். நிறைய நேரம் பார்த்தார். பிறகு போட்டார்.

தோள் இரண்டு பக்கமும் சரிந்து தொங்கியது. கோட்டுக் கை விரல்நுனியை மூடியது. முன்பக்கம் பூட்டினால் உள்ளுக்குள் இன்னொருவர் நிற்கலாம். நிருஷன் கமெராவைத் துடைக்கத் தொடங்கினார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

"நான் இவ்வளவு பெரிய ஆளெண்டு நினைச்சிருக்கிறீர்," என்றார் கஜீபன்.

அவர் சிரிக்கவில்லை. குறையாகச் சொன்னது போலவும் இல்லை. ஏதோ ஒரு செய்தியை இப்போதுதான் கேட்டவர் மாதிரிச் சொன்னார்.

யசிந்தாதான் அசைந்தாள். வீட்டுக்கு ஓடி, கொடியிலிருந்த உடுப்புக் கிளிப்புகளை அள்ளிவந்தாள். கோட்டைப் பின்னால் இழுத்துப் பிடித்து முதுகு முழுக்கக் கிளிப் குத்தினாள். வாடகை உடுப்பு யாருக்கு அளவில்லாவிட்டாலும் இவர்கள் செய்வது அதுதான். முன்னால் பார்த்தால் தைத்து வைத்த மாதிரி இருக்கும். படம் எடுத்தார்கள். நான் அதைப் பார்த்திருக்கிறேன். களப்பு, மஞ்சள் வெளிச்சம், மகாராணி உடுப்பில் ஆரணி, பக்கத்தில் அளவெடுத்துத் தைத்த கோட்டில் கஜீபன். இந்தக் குடாநாட்டிலேயே அழகான சோடி. முதுகில் பதினேழு கிளிப்.

(பதினேழு என்பது என் கற்பனை. யாரும் எண்ணவில்லை.)

அந்தப் படத்தை மட்டும் விண்ணப்பத்தோடு வைக்கவில்லை. வேடம் மாதிரி இருக்குமாம்.

8

கஜீபன் திரும்பிப் போனார். விமான நிலையத்தில் என்ன கதைத்தார்கள் என்று கேட்டேன். "மழை வரும்போலை இருக்கெண்டு கதைச்சம்," என்றாள்.

ஏழெட்டு மாதத்தால் விசா வந்தது.

மார்க்கண்டு அன்றைக்குத் தொழிலுக்குப் போகவில்லை. மயிலிட்டி முழுக்க நடந்து நடந்து சொன்னார். பின்னேரம் ஒரு வாளி பெயின்றோடு வந்து, மகள் போகும்போது வீடு வீடு மாதிரி இருக்கவேண்டும் என்று முன்னறைச் சுவரைச் சுரண்டத் தொடங்கினார். துணி, வளையம், தொப்பி எல்லாம் நடு அறைக்கு ஒதுக்கப்பட்டன. யசிந்தா உதவி செய்தாள். அன்று முழுக்க அவள் ஒரு பகிடியும் விடவில்லை.

ஆரணி மகிழ்ந்தாளா? நான் எழுதிப் பார்த்தேன். அவள் மகிழ்ச்சியில்— வெட்டினேன். அவள் நெஞ்சில் கல்லொன்று— அதையும் வெட்டினேன். அவள் சொன்னதையே எழுதுகிறேன். நாலு வருசம் தட்டிக்கொண்டு நின்ற கதவு திறந்தபோது, தான் அதற்கு முன்னால் நிற்கவில்லை, வேறெங்கேயோ வேலையாக நின்றாளாம். கூப்பிடுவது கேட்டது. உடனே திரும்ப முடியவில்லை.

கஜீபனிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. ஆரணி எனக்குப் போட்டுக் காட்டினாள். பின்னால் கிடங்குச் சத்தம். டிக்கெற், உடுப்பு, குளிர் என்று கதைத்தார். பிறகு, தான் ஒரு அளவுநாடா வாங்கியிருப்பதாகவும், கண்ணாடிக்கு முன்னால் நின்று அளந்ததாகவும் சொல்லி, தோள், நெஞ்சு, கை என்று ஒவ்வொன்றாக வாசித்தார். பள்ளிக்கூடப் பிள்ளை வாய்ப்பாடு சொல்வது மாதிரி. அந்தக் கோட்டைத் திரும்பத் தைக்க முடியுமென்றால் தைக்கட்டாம். அவசரமில்லையாம்.

ஆரணி போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள்.

"பிழையான அளவு," என்றாள். "தோள் அப்பிடி இருக்கவே ஏலாது. தன்ரை தோளைத் தானே ஒருத்தராலும் அளக்கேலாது அக்கா. ஆரும் பின்னாலை நிக்கவேணும்."

சொல்லிவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து திரும்பவும் போய்த் தண்ணீர் குடித்தாள்.

9

முடிவுகள். மூன்று எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முன்னறையில் புதுப் பெயின்ற் மணத்தது. ஆரணி நடு அறையில், வங்கியில் வேலைசெய்கிற வசந்தினி என்ற பெண்ணுக்கு இடுப்புக் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தாள். யசிந்தா தொப்பிக்கு இறகு ஒட்டினாள். மூன்று பேருக்கும் வாசித்தேன்.

முதலாவதில் ஆரணி போகிறாள். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் மார்க்கண்டு அழுகிறார். அவள் கண்ணாடிக் கதவுக்குள்ளால்— யசிந்தா போதுமென்று கையைக் காட்டினாள். அது எல்லா வீட்டிலும் நடந்ததுதானே, அதற்கு ஏன் ஒரு கதை என்றாள்.

இரண்டாவதில் ஆரணி போகவில்லை. முன்னறைக்கு ஒரு பெயர்ப்பலகை வருகிறது. பெண்கள் வரிசையில்—

"அப்ப அவர்?" என்று கேட்டாள் ஆரணி.

 அந்த முடிவில் நான் கஜீபனை எங்கேயும் வைக்கவில்லை. பொருட்கிடங்கில், பெட்டிகளுக்கு நடுவில், அளவுநாடாவோடு அப்படியே விட்டிருந்தேன்.

மூன்றாவதில் அவள் போய், அவருக்குப் பின்னால் நின்று அளவெடுத்து, கொஞ்சக் காலம் இருந்து பார்த்து, பிறகு தீர்மானிக்கிறாள். இதுதான் எனக்குப் பிடித்த முடிவு. வசந்தினிக்கும் பிடித்தது. யசிந்தா மட்டும் இறகை ஒட்டிக்கொண்டே, "போ எண்டுதான் நானும் சொல்லுவன்," என்றாள் ஆரணியிடம். "போனியெண்டால் பிறகு உன்னோடை கதைக்கமாட்டன். அதையும் எழுதுங்கோ அக்கா."

ஆரணி கயிற்றின் கடைசி முடிச்சைப் போட்டாள். வசந்தினியை மூச்சு விடச் சொன்னாள். வசந்தினி விட்டாள். கயிறு தாங்கியது.

"டிக்கெற் போட்டாச்சு," என்றாள் என்னைப் பார்த்து. "போறதெண்டால் அந்த நாளிலைதான் போவன். அது வாறதுக்கு முன்னம் எழுதி முடியுங்கோ அக்கா."

ஏன் என்று கேட்டேன்.

"பிறகெண்டால் நடந்ததைத்தான் எழுதுவியள். மற்றது எல்லாம் நடக்காமல் போனது மாதிரி ஆகிடும். இப்ப எல்லாம் இருக்கு."

அவளுடைய கால் ஆடவில்லை என்று இங்கே எழுதினால் அழகாக இருக்கும். ஆடியது. முன்னையைவிடக் கூடுதலாக ஆடியது.

10

ஆகவே முடித்துவிட்டேன். அந்த நாள் இன்னும் வரவில்லை. மார்க்கண்டு முன்னறைக்கு இரண்டாம் பூச்சு அடித்துக்கொண்டிருக்கிறார். பெட்டி ஒன்று திறந்தபடி கிடக்கிறது. வசந்தினியின் படப்பிடிப்பு வரும் சனிக்கிழமை. கஜீபனுக்கு அவள் அனுப்பிய பதில் என்னவென்று எனக்குத் தெரியாது, கேட்டேன், சொல்லவில்லை.

ஆனால் நீங்கள் இதை வாசிக்கிறபோது அந்த நாள் கடந்துபோயிருக்கும். இந்தக் கதையின் மிச்சம் என்னிடம் இல்லை, மயிலிட்டியில் இருக்கிறது. போக மனமிருந்தால் போய்ப் பாருங்கள். மகாராணி உடுப்புத் தைக்கிற வீடு எது என்று துறைமுகத்தில் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். பாலேஸ்வரியைக் கேட்டால் கூட்டிக்கொண்டே போய் விடுவார். கதவைத் திறப்பது ஆரணியா யசிந்தாவா என்று என்னால் சொல்ல முடியாது. முதலில் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. நீங்கள் இரண்டு பேரையும் கண்டதில்லை.

யார் திறந்தாலும் உங்களை உள்ளே வரச்சொல்லி, யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கச் சொல்வார். கையைக் கொஞ்சம் விரிக்கச் சொல்வார். பிறகு நாடாவோடு உங்களுக்குப் பின்னால் போய் நிற்பார்.

அப்போது மிச்சத்தைக் கேளுங்கள். திரும்பிப் பார்க்காமல் கேளுங்கள். திரும்பினால் அளவு பிழைத்துவிடும்.